சுமையும் பிடியும்

மும்பையின் மாதுங்காவிலும், டில்லியின் கரோல் பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் குடியிருக்கும் தமிழர், மாதப் பிறப்பில் அரிசி வாங்கச் செல்லும்போது கடையில் ஒன்றைக் கவனிக்கலாம். முன்புறத்தில் அடுக்கியிருக்கும் 5 கிலோ, 10 கிலோ அரிசிப் பைகள் பலவற்றின் தலைப்பில், விரல்கள் நுழைவதற்கேற்ற பிடியொன்று அமைந்திருக்கும். பின்புறத்தில் சுவரோரமாக அடுக்கியிருக்கும் 50 கிலோ மூட்டைக்கோ அத்தகைய பிடி எதுவும் இராது. 5 கிலோவைத் தூக்குவதற்குப் பிடி மிகவும் வேண்டுவதன்று. ஒரு சிறுவனும் அதை மார்போடு அணைத்து எடுத்துச் சென்றுவிடுவான். 50 கிலோவைத் தூக்குகிறவனுக்கே பிடி இன்றியமையாதது. அப்படியிருக்க, எடை ஏற ஏறப் பிடி மறைந்து போவது ஏன்?

இதனைச் சிறு விஷயமென்று ஒதுக்கிவிட இயலாது. சரக்கு இல்லாமல் வாணிகம் இல்லை. சரக்கை ஓரிடத்தினின்று தூக்கி மற்றோரிடத்தில் வைப்பதற்கு ஒரு மனிதனுடைய கையும் முதுகும் வேண்டும். அந்தக் கைக்கு யார், எப்பொழுது, எக்காரணம் பற்றி இடம் தந்தார்கள் என்பதைக் கேட்டுக்கொண்டே போனால், வாணிகத்தின் வரலாறு புதியதொரு கோணத்தில் நமக்குப் புலப்படுகிறது. இன்று அவ்வழியே சிறிது தூரம் சென்று வருவோம்.

தமிழில் பிடிக்கு மற்றொரு பெயரும் உண்டு. அண்டா, தவலை, வாணலி முதலியவற்றின் இருபுறமும் இருக்கும் வளையங்களைக் 'காது' என்றே நம் வீட்டுப் பெண்கள் சொல்லுகிறார்கள். பழைய கிரேக்கர் தம் வாணிகச் சாடிக்கு இட்ட பெயரும் இவ்வகையினதே. 'ஆம்போரா' என்னும் சொல்லுக்கு இருபுறமும் பற்றித் தூக்கப்படுவது என்பது பொருள். கழுத்து நீண்டு, அடி கூர்த்து, தோளிலிருந்து கழுத்து வரை இரண்டு தடித்த பிடிகள் எழும்பி நிற்கும் மண்சாடி அது. மத்தியதரைக் கடற்கரை நாடுகளில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மதுவும் எண்ணெயும் மீன்சாறும் அதிலேயே பயணம் செய்தன. அதன் உடைந்த பகுதிகள் நம் நாட்டிலும் கிடைத்திருக்கின்றன. புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் 1945-ஆம் ஆண்டில் நடத்திய அகழாய்வில், மேலைக் கடலிலிருந்து வந்த ஆம்போராச் சாடிகளின் துண்டுகள் வெளிப்பட்டன.

இச்சாடியின் பிடியை ஆராய்வோர் அதன் அமைப்பில் மிகுந்த அறிவைக் காண்பர். ஸ்பெயினின் தென்பகுதியிலிருந்து ரோமாபுரிக்கு ஒலிவ எண்ணெய் கொண்டு சென்ற உருண்டைச் சாடியொன்று, வெறுஞ்சாடியாகவே சுமார் 30 கிலோ எடையுள்ளது. அதனுள் சுமார் 70 லிட்டர் எண்ணெய் நிற்கும். ஆக, நிறைந்த சாடி ஏறக்குறைய 100 கிலோ எடையாகிறது. இவ்வளவு பாரத்தை ஒரு மெல்லிய வளையம் தாங்காது. ஆதலால் குயவர், பிடியைக் கட்டைவிரலினும் தடித்ததாக உருட்டி, அதன் ஒரு முனையைக் கழுத்திலும் மறுமுனையைத் தோளிலும் பதித்தனர். சாடி சற்று உலர்ந்திருக்கும்போதே ஈரக் களிமண்ணை வைத்துப் பிடியை அழுத்திச் சேர்த்து, இரண்டையும் ஒரே சூளையில் சுட்டனர். கூர்த்த அடிப்பகுதியும் வீணன்று. சாடியைச் சாய்த்து ஊற்றும்போது அதுவே மூன்றாவது பிடியாக உதவியது. பொம்பெயி நகரத்துச் சிற்பமொன்றில், இருவர் ஒரு தடியில் சாடியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து செல்லும் காட்சி இன்றும் இருக்கிறது. காவடி கண்ட நமக்கு அக்காட்சி அந்நியமாகத் தோன்றாது.

பிடியில் எழுத்தும் இருந்தது. ரோட்ஸ் தீவின் சாடிகளில், செய்தவன் பெயரையும், ஆண்டைக் குறிக்கும் அதிகாரியின் பெயரையும் பிடிகளிலேயே முத்திரையிட்டனர். சாடியின் உடல் நொறுங்கிப் போனாலும், தடித்த பிடி உடையாமல் நின்றுவிடுவதால், தொல்பொருள் ஆய்வாளர் இன்று அம்முத்திரைகளைக் கொண்டே காலக்கணக்கு வகுக்கின்றனர். ரோம் நகரில் தெஸ்தாச்சியோ என்னும் குன்று ஒன்று இருக்கிறது. அது மண்ணால் ஆன குன்றன்று. எண்ணெய் இறக்கியபின் உடைத்துப் போட்ட சாடிகளால் ஆனது. 5 கோடிக்கும் மேற்பட்ட சாடிகளின் ஓடுகள் அங்குக் கிடப்பதாக மதிப்பிட்டுள்ளனர். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிடி என்று கணக்கிட்டால், 10 கோடிப் பிடிகளைக் குயவர் கைகள் உருட்டியிருக்கின்றன!

சுமப்பவன்மீது ரோமானிய வணிகனுக்கு அத்தனை அன்பு இருந்ததா? அவ்வாறு எண்ணுவதற்கில்லை. அங்கே சுமை தூக்கினவர்களுள் அடிமைகள் பலர். பிடி வைத்ததற்குக் காரணம் வேறு. மண்சாடி கைநழுவினால் எண்ணெய் மண்ணுக்கு உணவாகிவிடும். சரக்கு உடையுமே என்ற கவலைதான் சாடிக்குக் காது வைத்தது. பிடியின் வரலாற்றில் இதனை முதற் கவலை என்று நாம் கொள்ளலாம்.

அக்கவலை நீங்கியவுடன் பிடியும் நீங்கிற்று என்பதற்கு வரலாறே சான்று பகர்கிறது. ஐரோப்பாவின் வடபுலத்தார் மரப்பட்டிகைகளைச் சேர்த்து இரும்பாலோ மரத்தாலோ வளையமிட்டுச் செய்த பீப்பாய், கி.பி. முதல் நூற்றாண்டுகளில் சாடியின் இடத்தை மெல்ல மெல்லக் கைப்பற்றியது. நடுவயிறு பருத்த பீப்பாயைத் தூக்க வேண்டுவதில்லை, உருட்டினாற் போதும். தரையைத் தொடும் பரப்புச் சிறிதாகையால், ஒருவனே அதனை எத்திசையிலும் திருப்பலாம். அதற்குப் பிடி வேண்டாமற் போயிற்று. சுமப்பவனுக்கும் துன்பம் குறைந்தது. பிடி போனதும் நன்மையாக முடிந்த நிகழ்ச்சி இது ஒன்றேயாகும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்நாட்டின் பெருஞ்சரக்குகள் தானியமும் பருப்பும் சர்க்கரையும் பஞ்சுமாகும். இவற்றைச் சுமந்தது கோணிப்பை. வங்காளத்தில் கைத்தறியில் நெய்யப்பட்டு வந்த சணற்கோணிக்கு, ஹூக்ளி ஆற்றங்கரையில் 1855-ஆம் ஆண்டு ரிஷ்ராவில் தோன்றிய நூற்பாலை புதியதோர் ஊழியைத் தொடங்கி வைத்தது. 1859-இல் பாராநகரில் விசைத்தறியும் ஓடலாயிற்று. அன்று முதல் ஆற்றின் இருகரையிலும் ஆலைகள் எழுந்து, உலகத்தின் தானிய மூட்டைகளுக்கெல்லாம் சாக்கு வழங்கின. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் அடுக்கிய மண்மூட்டைகளுக்கும் வங்கச் சணலே ஆடையாயிற்று.

சாக்கு மிகச் சிறந்த கொள்கலம் என்பதில் ஐயமில்லை. விலை மலிவு, காற்றுப் புகும், காலியானால் மடித்து வைக்கலாம், மேலிருந்து கீழே போட்டாலும் உடையாது. இக்கடைசிக் குணமே சுமப்பவனுக்குக் கேடாக முடிந்தது. போட்டாலும் உடையாத பொருளை மெல்ல இறக்குவதற்குப் பிடி எதற்கு? மூட்டையின் வாயைத் தைக்கும்போது இரு முனைகளிலும் சிறிது துணியைக் காதுபோல் விட்டு வைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. அதற்கு மேல் சாக்கைச் செய்தவரும் நிரப்பியவரும் கையைப் பற்றிக் கவலை கொள்ளவில்லை. 100 கிலோ அளவிலான மூட்டைகள் நெடுங்காலம் நம் சந்தைகளில் வழங்கின. ரோமானியச் சாடியும் ஏறக்குறைய அதே எடை உடையதுதான். ஆனால் சாடியோ இரண்டு காதுகளைக் காட்டி இருவரை அழைத்தது. சாக்கோ ஒருவன் முதுகின்மேல் ஏறிக்கொண்டது.

மூட்டை கட்டியவர் தராத உதவியைச் சுமப்பவரும் ஊராரும் தாமே தேடிக்கொண்டனர். தலைக்கும் சுமைக்கும் இடையில் துணியைச் சுருட்டி வைத்து நாம் சும்மாடு என்கிறோம். அதனையே மராட்டியர் சும்பள் என்கின்றனர்; இராஜஸ்தானத்துப் பெண்கள் இண்டோணி என்கின்றனர். தோளில் தடி வைத்து இருபுறமும் சுமை தொங்கவிடும் நம் காவடியைப் பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பஹங்கி என்ற பெயரால் காணலாம். டார்ஜிலிங் மலைப் பாதையில் செல்பவர், நாம்லோ என்னும் பட்டையை நெற்றியில் மாட்டி, முதுகுக் கூடையின் பாரத்தைக் கழுத்தெலும்புக்கும் முதுகெலும்புக்கும் பகிர்ந்து கொடுக்கின்றனர். பெயர்கள் வேறாயினும் கருத்து ஒன்றே: சுமையைக் கையினின்று விலக்கி, உடலின் வலிய பகுதியில் ஏற்றுவது.

தமிழ்நாட்டுச் சாலைகளின் ஓரத்தில் நின்ற சுமைதாங்கிக் கற்களை இங்கே நினைவுகூர்வது பொருந்தும். கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நடுவது வழக்கம். ஓர் ஆளின் தோளளவு உயரத்தில் கிடைமட்டமாக ஒரு கல். அதன்மேல் சுமையைச் சாய்த்து வைத்து இளைப்பாறிவிட்டு, பிறர் துணையின்றி மறுபடியும் தலையில் ஏற்றிக்கொள்ளலாம். சுமையைச் சுமந்து நடப்பதைவிட, தரையிலிருந்து எடுப்பதும் தரையில் இறக்குவதுமே முதுகுக்கு மிகவும் ஆபத்தானவை என்று இன்றைய உடலியல் அறிஞர் கூறுகின்றனர். அவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்தே நம் முன்னோர் கல்லை அந்த உயரத்தில் வைத்தார்கள்.

துறைமுகங்களிலும் கிடங்குகளிலும் எழுந்த உதவி வேறுவகையானது. அது கொக்கி. பற்றுவதற்கு இடமில்லாத மூட்டையில் கொக்கியைக் குத்தி, அங்கேயே ஒரு பிடியைத் தொழிலாளி உண்டாக்கிக்கொண்டான். சரக்கோடு வரவேண்டிய பிடியை அவன் தன் இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கு வந்தான் என்று சொல்லுதல் மிகையாகாது. ஆனால் கொக்கி குத்திய இடத்தில் சாக்குக் கிழியும், தானியம் சிந்தும். ஆதலின் பன்னாட்டுத் தர அமைப்பு வகுத்த சரக்கு அடையாளங்களுள், குடையும் கண்ணாடிக் கிண்ணமும் இருப்பதுபோலவே, குறுக்குக் கோடு இட்ட கொக்கியும் ஒன்றாயிற்று. 'கொக்கி போடாதே' என்பது அதன் பொருள். கொக்கியை விலக்கியது நியாயமே. ஆயின் அதற்கு ஈடாகக் கைக்கு என்ன தந்தோம் என்பதை அவ்வடையாளம் சொல்லுவதில்லை.

அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மற்றொரு கவலை பிறந்தது. மின்னசோட்டா மாநிலத்தின் செயிண்ட் பால் நகரில் வால்ட்டர் டியூபனர் என்பவர் சிறியதொரு மளிகைக் கடை நடத்தி வந்தார். அவருடைய கடைக்கு வருவோர், வேண்டுவதையெல்லாம் வாங்குவதில்லை. கையால் எடுத்துச் செல்லக்கூடிய அளவே வாங்குகிறார்கள் என்பதை அவர் கண்டார். வாங்குபவரிடம் பணம் இருக்கிறது. கடையில் பொருள் இருக்கிறது. இடையில் தடையாக நிற்பது பிடியின்மை! 1912-ஆம் ஆண்டில் அவரும் அவருடைய மனைவி லிடியாவும் ஒரு காகிதப் பையை உருவாக்கினர். கயிற்றை அப்பையின் உடலினூடே செலுத்தி, மேலே இரு கைப்பிடிகளாக விட்டனர். ஐந்து சென்ட் விலையுள்ள அப்பை 75 பவுண்டு, அதாவது 34 கிலோ வரை தாங்கியது. சில ஆண்டுகளுக்குள் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பைகள் விற்பனையாயின.

காகிதம் 34 கிலோவைத் தாங்குமா என்று நேயர்கள் வியக்கலாம். காகிதம் தாங்கவில்லை என்பதே இதன் நுட்பம். பாரம் கயிற்றின்மேல் நிற்கிறது. காகிதம் பொருள்கள் சிதறாமல் சுற்றி நிற்கும் சுவர் மட்டுமே. பிடியைப் பையின் விளிம்பில் ஒட்டியிருந்தால் முழு எடையும் அந்த ஒட்டிய இடத்தை இழுத்துப் பிய்த்திருக்கும். திருமண வீடுகளில் தாம்பூலத்தோடு தரும் நம் மஞ்சள் பையின் காதைப் பாருங்கள். அதன் அடியில் ஒரு சதுரமும் அச்சதுரத்துக்குள் குறுக்காக இரு கோடுகளும் தைத்திருந்தால், அதைத் தைத்தவர் இதே உண்மையை அறிந்தவர் என்று கொள்ளலாம். ஒரே கோட்டில் தைத்த காது அக்கோட்டிலேயே கிழியும். சதுரமாகத் தைத்த காது பாரத்தைத் துணியின் பரப்பெங்கும் பரப்பிவிடும்.

சுவீடன் நாட்டில் செல்லோபிளாஸ்ட் என்னும் நிறுவனத்தில் பணிபுரிந்த ஸ்டென் குஸ்தாப் தூலின் மற்றொரு வழி கண்டார். 1965-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அவருடைய பிளாஸ்டிக் பையில் பிடி தனியாக இல்லை. குழல் வடிவமான பிளாஸ்டிக் தாளை மடித்து, அடியை உருக்கி ஒட்டி, மேற்புறத்தை வெட்டி எடுத்தால், எஞ்சி நிற்கும் இரு பட்டைகளே பிடிகளாகும். பையும் பிடியும் ஒரே தாளாகையால் பிய்வதற்கு இணைப்பே இல்லை. அது உலகெங்கும் பரவியதையும், பின்னர் நிலத்துக்கும் நீருக்கும் சுமையாகிப் பல அரசுகள் தடைவிதித்ததையும், தமிழக அரசு 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியதையும் நாம் அறிவோம்.

பயணப் பெட்டியின் கதையும் இதையே உறுதிப்படுத்துகிறது. பழைய இரும்புப் பெட்டிக்கு இருபக்கமும் வளையம் இருந்தது. அதைத் தூக்குபவர் நிலையத்துச் சுமையாளர். விமானப் பயணம் பெருகி, பயணியே தன் பெட்டியை நெடுந்தூரம் கொண்டு செல்ல வேண்டி வந்தபோதுதான் பெட்டிக்குச் சக்கரம் முளைத்தது. பெர்னார்டு சாடோ என்னும் அமெரிக்கர் 1970-இல் விண்ணப்பித்து 1972-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். சக்கரம் மனிதனுக்குப் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தெரிந்த பொருள், பெட்டியும் புதியதன்று. பெட்டிக்கு உடையவனே அதைச் சுமப்பவனும் ஆகும் வரை, அவ்விரண்டும் ஒன்று சேரவில்லை.

ஆகவே பிடிக்குக் காரணமாகிய இரண்டாவது கவலை, வாங்குபவர் வாங்காமற் போய்விடுவாரோ என்பது. 5 கிலோ அரிசிப் பையில் பிடி இருப்பதற்குக் காரணம் இதுவே. அந்தப் பையைத் தூக்கப் போகிறவர் விலை கொடுப்பவர். 50 கிலோ மூட்டையைத் தூக்குபவரோ விலை கொடுப்பவரல்லர், கூலி பெறுபவர். அவர் கை நோகிறது என்பதற்காக எந்த மூட்டையும் விற்காமல் நின்றதில்லை.

நல்ல பிடி எத்தகையது என்பதையும் சிறிது ஆராய்வோம். பிடி மூன்று வகையில் குற்றப்படும். அடியோடு பிய்வது ஒன்று. அதனை மேலே கண்டோம். துளையின் மூலை கூர்மையாக இருந்தால் அம்மூலையிலிருந்தே கிழிசல் தொடங்கும். ஆதலால் துளையின் முனைகளை வளைவாக வெட்டுதல் வேண்டும். கையை அறுப்பது இரண்டாவது குற்றம். 10 கிலோ பொருளை 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள சணற்கயிற்றில் கட்டி ஒரு கையால் தூக்குவதாகக் கொள்வோம். உள்ளங்கையின் அகலம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். பாரம் முழுவதும் 2 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அழுந்துகிறது. ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 5 கிலோ. அதே கயிற்றை இரண்டரை சென்டிமீட்டர் தடிமனுள்ள மரக்கட்டையில் சுற்றிக் கட்டையைப் பற்றினால், பாரம் 25 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 400 கிராம் மட்டுமே. எடை குறையவில்லை, நோவு பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைகிறது. ரயிலில் ஊருக்குச் செல்லும் நம்மவர், பார்சல் கயிற்றில் கைக்குட்டையைச் சுற்றிப் பிடிப்பதன் கணக்கு இதுவே.

மூன்றாவது குற்றம் ஊசலாடுவது. பிடிகள் சுமையின் நடுப்பகுதியை நோக்கி அமையாவிட்டால், சுமை ஒருபுறம் சாய்ந்து மணிக்கட்டை முறுக்கும். நடக்கையில் முழங்காலில் மோதும்.

அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனம் சுமை தூக்குவதற்கான கணக்கு முறையொன்றை 1981-இல் வெளியிட்டு, 1991-இல் அதனைத் திருத்தியது. அதிலே பிடிக்கும் அளவு சொல்லப்பட்டிருக்கிறது. உருண்டைப் பிடியாயின் 1.9 முதல் 3.8 சென்டிமீட்டர் வரை தடிமன், 11.5 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம், விரல்கள் நுழைய 5 சென்டிமீட்டர் இடைவெளி, வழுக்காத மேற்பரப்பு. அட்டைப்பெட்டியின் கைத்துளையாயின் 11.5 சென்டிமீட்டர் நீளம், 3.8 சென்டிமீட்டர் உயரம், விளிம்பில் அட்டையின் கனம் 6 மில்லிமீட்டர். எல்லா நிலைமைகளும் மிகவும் நல்லனவாக அமைந்தவிடத்தும் 23 கிலோவே தக்க எல்லை என்பது அக்கணக்கு. நல்ல பிடி இல்லாவிடில் அவ்வெல்லையிலும் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. தரையிலிருந்து எடுக்கும்போதும், உடலைத் திருப்பும்போதும், சுமை உடம்பைவிட்டு விலகியிருக்கும்போதும் எல்லை மேலும் மேலும் சுருங்குகிறது.

இவ்வளவு தெளிந்த பின்னும் கைத்துளை அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெட்டியில் துளையிட்டால் அதன் சுவர் வலுக்குறையும். கிடங்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது அடிப்பெட்டி நசுங்கும். ஆதலின் பெட்டி செய்வோர் துளையைச் சிறிதாக்குகின்றனர், அல்லது அடியோடு விட்டுவிடுகின்றனர். இதற்கும் பரிகாரம் இருக்கிறது. வெட்டிய அட்டையை அகற்றிவிடாமல் உட்புறமாக மடித்துவிட்டால் விரல் படும் விளிம்பு இருமடங்கு கனமாகும். துளைக்குள் பிளாஸ்டிக் பிடியைப் பொருத்துவதும் உண்டு. அடுக்கின் பாரத்தைப் பெரும்பாலும் தாங்குவது பெட்டியின் நான்கு மூலைகளே ஆகையால், துளை மூலைகளை நெருங்காமல் இருந்தால் இழப்புச் சிறிது. ஆகவே அறிவு குறைவினால் அன்று, கவனம் குறைவினாலேயே பிடி இல்லாதொழிகிறது.

பிடிக்குரிய மூன்றாவது கவலை சுமப்பவனுடைய முதுகைப் பற்றியது. அது மிகவும் பிந்தியே வந்தது. வந்ததும் சட்டத்தின் வடிவில் வந்தது. 1929-ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, கப்பலில் ஏற்றும் சரக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ எடையுடையதாயின் எடையை அதன்மேல் எழுத வேண்டும் என்று உடன்படிக்கை செய்தது. பாரந்தூக்கி இயந்திரம் அறுந்து விழாமல் இருப்பதற்கு அது உதவிற்று. மனிதன் தூக்கும் சுமைக்கு உடன்படிக்கை வர மேலும் 38 ஆண்டுகள் ஆயின. 1967-இல் அவ்வமைப்பு, உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ கேடு விளைக்கக்கூடிய எடையை எத்தொழிலாளியும் சுமக்கவைக்கப்படலாகாது என்று தீர்மானித்தது. உடன் வெளியிட்ட பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு 55 கிலோவுக்கு மேற்பட்ட சுமையை விரைவில் குறைக்க வேண்டும் என்றும் கூறியது.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், தன் 34-ஆம் பிரிவில், காயம் விளைக்கக்கூடிய பாரத்தைத் தூக்கச் செய்தலைத் தடுத்தது. ஆனால் சந்தையும் துறைமுகமும் லாரி நிலையமும் தொழிற்சாலையல்லவே! அங்குள்ளோருக்காக முதலில் எழுந்தது மகாராஷ்டிரம். 1969-இல் அம்மாநிலம் மாத்தாடி, ஹமால் முதலிய உடலுழைப்பாளர்களுக்கெனச் சட்டம் இயற்றியது. மாத்தா என்றால் தலை. தலையால் சுமப்பவன் மாத்தாடி. அண்ணாசாகேப் பாட்டீல் என்பவர் அத்தொழிலாளரை ஒன்றுதிரட்டியதன் பயனாகச் சட்டம் பிறந்தது. கேரளம் 1978-இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டமும், தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் இயற்றின. கூலியும் மருத்துவ உதவியும் நலநிதியும் இவற்றின் வாயிலாகக் கிடைக்க வழி ஏற்பட்டது. மூட்டையும் சிறுத்தது. 100 கிலோ சாக்கு பின்வாங்க, உணவு தானியத்துக்கு 50 கிலோ சாக்கு பொதுவழக்காயிற்று.

எனினும் 50 கிலோ என்பது மேலே கண்ட 23 கிலோவைப்போல் இருமடங்குக்கு மேற்பட்டது. மேலும், எடை குறைந்ததே தவிரப் பிடி வரவில்லை.

இயந்திரத்துக்கு அளித்த மரியாதையை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1956 ஏப்ரல் 26-ஆம் நாள் 'ஐடியல் எக்ஸ்' என்னும் கப்பல் 58 இரும்புப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. கொள்கலக் கப்பல் வாணிகம் அன்று தொடங்கிற்று. அப்பெட்டியின் எட்டு மூலைகளிலும் துளையிட்ட எஃகு வார்ப்புகள் இருக்கின்றன. பாரந்தூக்கியின் நான்கு முளைகள் அத்துளைகளில் நுழைந்து திரும்பிப் பூட்டிக்கொள்ளும். அவை பெட்டியின் பிடிகளன்றி வேறில்லை. அவற்றின் அளவு எந்நாட்டிலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்று 1960-களில் பல நாட்டுப் பொறியாளர் கூடி ஆண்டுக்கணக்கில் வாதிட்டு முடிவு செய்தனர். இரும்புக் கைக்காக உலகம் ஒன்றுகூடியது. அப்பெட்டி துறைமுகத்தில் இறங்கி, கிடங்கில் திறக்கப்பட்டு, உள்ளிருக்கும் மூட்டை லாரியிலிருந்து கடைக்குப் போகும் கடைசி ஐம்பது அடி தூரத்தில் நிற்பது மனிதக் கை. அந்தக் கைக்கான அளவும் நூல்களில் இருக்கிறது. மூட்டையில் மட்டும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். பிடி இருக்கிறதென்று பாரத்தைக் கூட்டுவது தகாது. நல்ல பிடி கையின் நோவைக் குறைக்கிறது. முதுகெலும்பின்மேல் விழும் பாரத்தை முற்றும் நீக்குவதில்லை. ஆதலால் எடையைக் குறைப்பது முதற்கடமை. குறைத்த எடைக்குப் பிடி வைப்பது இரண்டாவது கடமை. எடையைப் பெரிய எழுத்தில் எழுதுவது மூன்றாவது. பெட்டியின் எடையை அறியாமல் குனிபவன், இலேசென்று எண்ணித் தூக்கும்போதே முதுகைப் பிடித்துக்கொள்கிறான்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவருள் வணிகர் பலர். ஆலைகளிலும் கிடங்குகளிலும் மேற்பார்வை செய்வோர் பலர். அலுவலகங்களில் சரக்குக் கொள்முதலுக்கு ஆணையிடுவோரும் உளர். சுமை தூக்கியே வாழ்வைத் தொடங்கி, மக்களைப் படிக்கவைத்து மேல்நிலைக்குக் கொண்டுவந்த குடும்பங்களும் நம்மிடையே இல்லாமலில்லை. 50 கிலோவுக்குப் பதிலாக 25 கிலோ மூட்டை கேட்பதும், சாக்கின் நான்கு மூலைகளிலும் கைகொள்ளும் காது வைத்துத் தைக்கச் சொல்வதும், பெட்டி அச்சடிக்கக் கொடுக்கும்போது கைத்துளையின் அளவைக் குறித்துக் கொடுப்பதும் அவர்களால் இயலும் செயல்கள். செலவு சில காசுகளே. நான்கு காதுள்ள மூட்டையை இருவர் பற்றித் தூக்கலாம். ஒருவன் முதுகில் ஏற்ற வேண்டிய கட்டாயம் நீங்கும்.

சரக்கு உடையும் என்ற கவலைக்குக் குயவர் விடை கண்டார். வாங்குபவர் திரும்பிவிடுவார் என்ற கவலைக்குச் செயிண்ட் பால் நகரத்து மளிகைக்காரர் விடை கண்டார். மூன்றாவது கவலைக்குச் சட்டம் பாதி விடை தந்திருக்கிறது. மற்றப் பாதி, மூட்டை கட்டுகிறவருடைய ஊசியிலும் அதற்கு ஆணையிடுகிறவருடைய பேனாவிலும் இருக்கிறது.